தன் கணக்கைத் தானே பார்த்த அம்மையார்

கடையில் மாதக் கணக்குப் பார்க்கும்போது பத்து வெள்ளி குறைந்தால் முதலில் நம் கண் கடைப் பையன் மேல் போகும். அதன் பிறகு பங்காளியின் பற்று வரவைப் புரட்டுவோம். நம் கையாலேயே எழுதிய சிட்டையைக் கடைசியில்தான் எடுப்போம். பல தடவை தவறு அங்கேதான் இருக்கும். கடைக்கு இது சின்ன விஷயம்; மறுநாள் திருத்திக் கொள்ளலாம். பொது வேலையில் அப்படியல்ல. ஏழைகளுக்கு உதவி செய்யும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறவர் தம் சிட்டையைப் பார்க்கத் தவறினால், நஷ்டம் அவருக்கு வருவதில்லை. எதிரே நிற்கிற மனிதருக்குத்தான் வருகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்க நாட்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் சரித்திரம் நம் ஞாபகத்துக்கு வரும். சமூக சேவையை ஒரு முறையான தொழிலாக வளர்த்தவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறவர் அவர். 1931ஆம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசு பெற்றார். அமெரிக்கப் பெண்களில் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. ஆனால் அவருடைய பெருமைகளை அடுக்குவது நம் நோக்கமல்ல. அவர் செய்த தவறுகளையும், அவற்றை அவர் தம் பெயரில் பற்று எழுதிக் கொண்ட விதத்தையுமே சொல்லப் போகிறோம். அவருடைய தலைமை அங்கேதான் வளர்ந்தது என்பது நம் அபிப்பிராயம்.

1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, இலினாய் மாநிலத்தில் சிடர்வில் என்ற சிற்றூரில் ஜேன் பிறந்தார். தகப்பனார் ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை முதலாளி, வங்கி நடத்தியவர், மாநில சட்டசபையில் பல ஆண்டுகள் அங்கத்தினராக இருந்தவர், ஆபிரகாம் லிங்கனின் சிநேகிதர். குழந்தைக்கு இரண்டு வயதானபோதே தாயார் காலமாகி விட்டார். நாலு வயதில் முதுகெலும்பில் நோய் கண்டு, முதுகு சற்று வளைந்து போயிற்று. தம்மை அவலட்சணமான பிள்ளை என்று சிறுமி எண்ணிக் கொண்டார். கம்பீரமான தோற்றமுள்ள தம் தகப்பனாருக்கு இப்படி ஒரு மகள் என்று வெளியூரார் தெரிந்து கொள்ளக் கூடாதென்று, ஆலயத்திலிருந்து வரும்போது சிறிய தகப்பனாரோடு சேர்ந்து நடப்பாராம். ஒரு நாள் பக்கத்து நகரத்தின் கடைத்தெருவில் தகப்பனார் எதிரே வந்தார். ஜனங்கள் பார்க்கத் தம் உயர்ந்த பட்டுத் தொப்பியை எடுத்து, மகளுக்குத் தலை வணங்கி மரியாதை செய்தார். அத்தோடு அந்த வெட்கம் தொலைந்தது.

இன்னொரு சம்பவமும் உண்டு. சிறுமி பொய் சொல்லிவிட்ட நாளில் இரவு தூக்கம் வராது. இருட்டில் மாடிப்படி இறங்கி, தகப்பனாரின் அறைக்குப் போய் உள்ளதைச் சொல்லி விடுவார். அவர் கோபிக்கவும் மாட்டார், அணைத்துத் தேற்றவும் மாட்டார். பொய் சொல்லுகிற பெண் தமக்கு இருப்பாளேயானால், அதற்காகத் தூக்கம் கெடுகிற பெண்ணாக இருப்பதே தமக்குச் சந்தோஷம் என்று மட்டும் சொல்லி அனுப்புவார். மார்க்க விஷயத்தில் ஏதோ புரியாமல் அவரிடம் கேட்டபோதும், புரியாததைப் புரிந்ததாகப் பாவனை செய்யாமல் உள்ளுக்குள் உண்மையாக இருப்பதே முக்கியம் என்றார். மகள் பிற்காலத்தில் நடந்து கொண்டதைப் பார்க்கும்போது, ஆலை முதலாளி விட்டுப் போன சொத்துக்களில் இதுவே பெரிய சொத்து என்று நமக்குத் தோன்றுகிறது.

ராக்போர்டு என்ற ஊரிலுள்ள பெண்கள் கலாசாலையில் 1881இல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தகப்பனார் திடீரென்று காலமானார். ஏராளமான சொத்து கைக்கு வந்தது. ஆனால் வழி தெரியவில்லை. பிலடெல்பியாவில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார்; முதுகு நோய் திரும்பவும் வந்து படுக்கையில் தள்ளிற்று; படிப்பு நின்றது. பிறகு ஐரோப்பா யாத்திரை. சித்திரசாலைகள், பழைய ஆலயங்கள், பாஷைகள் என்று நாட்கள் கழிந்தன. 1883ஆம் ஆண்டு லண்டனில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை இரவு, நகரத்தின் ஏழை மக்கள் வசிக்கும் கிழக்குப் பகுதியை வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தோடு அவரும் வண்டியின் மேல்தட்டில் அமர்ந்து போனார். அழுகத் தொடங்கிய காய்கறிகளைத் தள்ளு வண்டிக்காரன் ஏலம் போட்டுக் கொண்டிருந்தான். ஏலம் எடுத்த ஒருவன் முட்டைக்கோசைக் கழுவாமல், வேக வைக்காமல் அங்கேயே உட்கார்ந்து கடித்துத் தின்றான். வெளிச்சத்தில் தூக்கிய நூற்றுக்கணக்கான வெறுங் கைகளே அவர் மனசில் பதிந்து போயின. அதன் பிறகு வெகு நாள், மனிதர் கையை உயர்த்தும் இடமெல்லாம், பிள்ளைகள் வகுப்பில் கையை உயர்த்தினாலும்கூட, அந்தக் காட்சியே எழுந்து வருமாம்.

ஆனால் இதைப் பார்த்த உடனே அவர் சேவைக்கு இறங்கி விடவில்லை. ஐந்து ஆண்டுகள் சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருந்ததையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். 1888இல் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில், சிநேகிதிகளோடு காளைச் சண்டை பார்க்கப் போனார். மாடுகளும் குதிரைகளும் குத்துப்பட்டுச் சாவதைச் சகிக்காமல் மற்றவர்கள் எழுந்து போய் விட்டார்கள். இவர் கடைசி வரை அமர்ந்திருந்தார். பழைய ரோமாபுரியின் விளையாட்டுக்களைப் பற்றிப் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்து, கண் முன்னால் ஓடிய இரத்தம் உறைக்கவே இல்லை. அன்று இரவு தம் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. காளைச் சண்டையோடு அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் தயாராக வேண்டும் என்று சொல்லிக் கொண்டே, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத் தாம் சாக்குத் தேடி வந்திருக்கிறோம் என்பது வெட்ட வெளிச்சமாயிற்று. மறுநாளே, கலாசாலைத் தோழி எல்லன் ஸ்டார் அம்மையாரிடம், ஏழைகளின் நடுவே ஒரு வீட்டை எடுத்துக் குடியிருந்து அவர்களுக்கு உதவ வேண்டும் என்ற தம் யோசனையை வெளியிட்டார். லண்டனில் டாயின்பி ஹால் என்ற ஸ்தாபனம் 1884 முதல் அந்த மாதிரியில் நடந்து வந்தது. அதையும் போய்ப் பார்த்தார்.

1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, இருவரும் சிகாகோ நகரம் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் என்ற செல்வர் முன்பு கட்டியிருந்த பழைய மாளிகையில் குடியேறினார்கள். ஜேன் அம்மையாருக்கு அப்போது வயது 29. சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், யூதர், கிரேக்கர், ஐரிஷ்காரர், பொஹிமியர் என்று கப்பலேறி வந்த ஜனங்கள். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத பட்டணத்தில், ஒரு அறையில் பத்துப் பேராகப் படுத்து எழுந்து பிழைத்தவர்களை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஆகையால் அந்தத் தெருவை நாம் அதிகம் வர்ணிக்க வேண்டியதில்லை. ஹல் ஹவுஸ் என்று பெயர் பெற்ற அந்த வீட்டில் குழந்தைப் பள்ளி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் இடம், இரவுப் பாடசாலை, வாலிபர் சங்கங்கள், குளிக்கும் அறைகள் என்று ஒவ்வொன்றாக ஏற்பட்டன. காலப்போக்கில் பதின்மூன்று கட்டிடங்களாகப் பெருகிற்று.

ஆரம்பத்தில் அவர் இடறிய இடங்கள் பல. அவற்றில் சிரிக்கத் தக்கதும் உண்டு. வேலை செய்து களைத்து வரும் குடும்பங்களுக்குச் சத்துள்ள ஆகாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று 1893இல் பொதுச் சமையற்கூடம் ஒன்று திறந்தார்கள். பாஸ்டன் நகரத்து நிபுணர்களின் முறைப்படி, இன்னின்ன சத்து இவ்வளவு என்று அளந்து சமைத்தார்கள். அக்கம்பக்கத்தார் வாங்கவில்லை. ஆகாரம் சத்துள்ளதுதான், ஆனால் சத்துள்ளதைச் சாப்பிடத் தமக்கு இஷ்டமில்லை, இஷ்டமானதைச் சாப்பிடவே இஷ்டம் என்று ஒரு பெண்மணி ஒப்புக் கொண்டாராம். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார்கள்! அம்மையார் ஜனங்களின் அறியாமையை நொந்து கொள்ளவில்லை. ஒவ்வொரு தேசத்தாருக்கும் ஒவ்வொரு ருசி இருப்பதைத் தாம் கணக்கில் எடுக்கவில்லை என்று தம்மேல் போட்டுக் கொண்டார். காப்பி குடித்துப் பேசிக் கொண்டிருக்கும் இடமாக அது மாறியபோது நன்றாக நடந்தது.

அடுத்த விஷயம் சிரிக்கத் தக்கதல்ல. கைக்குழந்தை ஒன்றை யாரோ அவர்களுடைய பிள்ளைகள் விடுதியில் விட்டுப் போய் விட்டார்கள். எவ்வளவோ பார்த்தும் அது பிழைக்கவில்லை. உற்றார் இல்லாத குழந்தையாயிற்றே, சர்க்கார் செலவில் அடக்கம் செய்து விடலாம், பதினொரு மணிக்கு வண்டி வரும் என்று ஏற்பாடு செய்தார்கள். காலை ஒன்பது மணிக்குச் செய்தி தெருவில் பரவிற்று. அரை டஜன் பேர் கொதித்துப் போய் வந்து ஆட்சேபித்தார்கள். தங்கள் ஏழ்மையிலிருந்து காசு திரட்டி, அந்த அநாதைக் குழந்தையை மரியாதையாக அடக்கம் செய்ய முன்வந்தார்கள். படித்தவர்களுக்கோ ஆச்சரியம்! உயிருள்ள குழந்தைக்குச் செலவிட வேண்டிய பணத்தை இறந்த குழந்தைக்குச் செலவிடுவானேன் என்று முதலில் நினைத்தார்கள். மையித்தின் உரிமை என்ன என்று அறிந்த நமக்கு அந்தத் தெரு ஜனங்களின் மனசு சொல்லாமலே விளங்கும். அந்த மனசை உணராமல் போனது தாங்கள்தாம் என்று அம்மையார் சில காலம் கழித்து எழுதினார். தாம் உதவி செய்ய வந்த ஜனங்களிடம், தமக்கு இல்லாத ஒரு தர்மம் இருக்கிறது என்பதை ஒப்புக் கொள்வது லேசான காரியமல்ல.

இனி, இந்தச் சரித்திரத்தில் நம்மை அதிகம் கலங்க வைத்த சம்பவத்துக்கு வருவோம். 1893ஆம் ஆண்டு சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்து முடிந்தது. அதே ஆண்டு தேசமெங்கும் வியாபாரம் படுத்து, வங்கிகள் முறிந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். ஹல் ஹவுஸில் நிவாரண உதவி கொடுக்க ஒரு பிரிவு இருந்தது. உதவி கேட்டு வருகிறவர் வேலை கிடைக்கிற இடமெல்லாம் போய்ப் பார்த்த பிறகே உதவி பெறலாம் என்பது அக்காலத்துத் தர்ம ஸ்தாபனங்களின் விதி. விதியில் தவறு சொல்ல முடியுமா? சோம்பேறிக்குக் கொடுத்தால் உண்மையான ஏழைக்கு இல்லாமல் போகும். நாமும் அப்படித்தான் சொல்லுவோம்.

ஒரு நாள், சரக்கு அனுப்பும் பிரிவில் கிராணியாக வேலை செய்து, நல்ல நிலையில் இருந்தபோதே அம்மையாருக்குத் தெரிந்திருந்த ஒருவர் உதவி கேட்டு வந்தார். நகரத்துக் கழிவு நீருக்காக அப்போது பெரிய கால்வாய் வெட்டிக் கொண்டிருந்தார்கள். அங்கே மண் வெட்ட ஆள் எடுத்தார்கள். உதவி கேட்பதற்கு முன் அந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் குறிப்பாகச் சொன்னார். தாம் எப்போதும் கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்தவர் என்றும், குளிர்காலத்தில் வெளி வேலையைத் தம் உடம்பு தாங்காது என்றும் அந்த மனிதர் சொன்னார். அம்மையார் கடுமையாகப் பேசவில்லை. அவர் மனசிலும் சந்தேகம் இருந்தது. இருந்தும் விதியை விடவில்லை. மனிதர் போய் விட்டார். அதன் பிறகு உதவி கேட்டு அவர் வரவே இல்லை. இரண்டு நாள் கால்வாயில் மண் வெட்டினார். சுவாசப்பையில் ஜன்னி கண்டது. ஒரு வாரத்தில் இறந்து போனார். இரண்டு சிறு குழந்தைகள் அநாதையாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மையாரை யாரும் குற்றம் சாட்டவில்லை. குறிப்பேட்டில் அவர் செய்தது சரியாகவே இருந்தது. வேலை இருந்தது, வழி காட்டப்பட்டது, மனிதர் போனார், வியாதி வந்தது. எந்தக் கமிட்டி விசாரித்தாலும் விதிப்படி நடந்திருக்கிறது என்றே தீர்ப்பாகியிருக்கும். அம்மையார் அந்தத் தீர்ப்பின் பின்னால் ஒளிந்து கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைகள் இருவரையும் கண் பார்வையிலிருந்து விடாமல் பிற்காலம் வரை விசாரித்து வந்தார். மனிதர் வாழ்க்கையைச் சட்ட திட்டங்களால் மட்டும் நிர்வகிக்க முடியாது என்று தாம் படித்த பாடத்துக்கு அந்தக் குழந்தைகளே விலை கொடுத்தார்கள் என்றும், அவர்களைக் கசப்பில்லாமல் பார்க்கத் தம்மால் முடியவில்லை என்றும் 1910இல் வெளியான தம் நூலில் ஒப்புக் கொண்டார். அப்போது அவர் அமெரிக்காவிலேயே மிகப் புகழ் பெற்ற பெண்மணி. அவர் எழுதாமல் இருந்தால் இச்சம்பவம் யாருக்கும் தெரிந்திராது.

நம் சங்கங்களிலும் உதவி கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். நேரமின்மையால் சில சமயம் புத்தி சொல்லி அனுப்புகிறோம். அவர் திரும்பி வராவிட்டால், அவருக்கு அவ்வளவு கஷ்டமில்லை போலும் என்று நாமே ஒரு முடிவுக்கு வந்து விடுகிறோம். இதை எழுதும்போது அப்படித் திரும்பி வராத சில முகங்கள் நமக்கும் நினைவு வருகின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த ஆண்டு, 1894இல், சிகாகோவில் புல்மன் வேலை நிறுத்தம் வந்தது. ரயில்களுக்குப் படுக்கை வண்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் என்ற பெரிய முதலாளி, தம் தொழிலாளர்களுக்கென்று ஒரு ஊரையே கட்டியிருந்தார். அழகான வீடுகள், பூங்கா, வாசகசாலை எல்லாம் உண்டு. வியாபாரம் மந்தமானதும் கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அம்மையார் மத்தியஸ்தம் செய்யப் போனார். தொழிலாளர் வீடுகளில் சாப்பிட்டு, வாடகை விவரங்களைக் கேட்டறிந்தார். பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று முதலாளி மறுத்து விட்டார். இவ்வளவு செய்தேனே, நன்றி இல்லையே என்பதே அவருடைய மனக்குறை. அதே நாட்களில் அம்மையாரின் தமக்கையார் வெளியூரில் மரணப் படுக்கையில் இருந்தார். ரயில்கள் நின்று போனதால் அந்தக் குடும்பத்தார் வேளைக்கு வந்து சேர முடியவில்லை.

துக்கமும் தோல்வியும் கலந்த அந்த அனுபவத்தைப் பற்றி அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனை எடுத்துக் கொண்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்து, நன்றியை மட்டும் எதிர்பார்த்து, அவர்கள் மனசை அறியாமல் போன தகப்பனோடு புல்மன் முதலாளியை ஒப்பிட்டார். அதோடு விட்டிருந்தால் அது வெறும் கண்டனமாகப் போயிருக்கும். ஜனங்களுக்காக நன்மை செய்வது வேறு, ஜனங்களோடு சேர்ந்து நன்மை செய்வது வேறு என்றும், தர்மவான்கள் யாவருக்கும் இந்த ஆபத்து உண்டு என்றும் அதை விரித்துக் கொண்டு போனார். தம்மையும் அவர் விலக்கவில்லை. பெரிய மனிதருக்கு வலிக்கும் என்று பத்திரிகைகள் அதை வெளியிடத் தயங்கின, 1912இல்தான் அச்சேறிற்று.

குப்பை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த வட்டாரத்தில் குப்பை மலை மலையாகக் கிடந்து குழந்தைகள் செத்துக் கொண்டிருந்தன. முறையிட்டுப் பலனில்லை. 1895இல் அம்மையாரே குப்பை அள்ளும் காண்டிராக்டுக்கு விண்ணப்பம் போட்டார். ஏதோ காரணம் காட்டி அதைத் தள்ளினார்கள்; ஆனால் ஊரெல்லாம் பேச்சாகி விட்டதால், மேயர் அவரையே அந்த வட்டாரத்துக் குப்பை இன்ஸ்பெக்டராக, ஆண்டுக்கு ஆயிரம் டாலர் சம்பளத்தில் நியமித்தார். காலை ஆறு மணிக்கு எழுந்து வண்டிகளின் பின்னாலேயே போவார். ஒன்பது வண்டிகள் பதின்மூன்றாகி, பிறகு பதினேழாயின. ஒரு சந்தில் பதினெட்டு அங்குலக் குப்பையின் அடியில் கல் பாவிய தெரு அகப்பட்டது. நகரத்து மரண விகிதத்தில் மூன்றாவது இடத்தில் இருந்த வட்டாரம் ஏழாவது இடத்துக்கு இறங்கிற்று.

இந்தச் சுறுசுறுப்பு அவருக்கு ஒரு துணிச்சலைக் கொடுத்தது. வட்டாரத்தின் நகரசபை அங்கத்தினர் ஜான் பவர்ஸ் என்பவர் லஞ்சத்துக்குப் பேர் போனவர். அவரைத் தோற்கடிக்க 1896இலும் 1898இலும் ஹல் ஹவுஸ் பாடுபட்டது. இரண்டு தடவையும் பவர்ஸ் வென்றார். அவருக்கு வாக்களித்தவர்கள் ஹல் ஹவுஸால் தினமும் பயன் பெற்ற அதே ஏழைகள். மற்றொருவராயிருந்தால் நன்றி கெட்ட ஜனங்கள் என்று வீட்டைப் பூட்டிக் கொண்டு போயிருப்பார். அம்மையார் உட்கார்ந்து, ஜனங்கள் ஏன் அந்த மனிதரை நல்லவர் என்று நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மரணம் நேர்ந்த வீட்டுக்குப் பவர்ஸ் முதலில் வருவார். சவ ஊர்வலத்துக்கு வண்டி அனுப்புவார். பையன் போலீஸில் அகப்பட்டால் ஜாமீன் கொடுப்பார். வேலை வாங்கித் தருவார். கிறிஸ்துமஸ் வந்தால் வான்கோழிகளை டன் கணக்கில் பங்கிடுவார். பங்கிடும்போது எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார். அந்தப் பணம் ஊரைக் கொள்ளையடித்த பணம் என்பது உண்மையே. ஆனால் ஏழைக்குக் கண்ணுக்குத் தெரிவது ஆபத்தில் வந்து நின்ற ஆள்தான். சீர்திருத்தம் பேசுகிறவர்கள் நேர்மையானவர்களாயிருந்தும், ஜனங்களின் கஷ்டத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். இப்படி எதிரியின் பலத்தையும் தங்கள் குறையையும் சேர்த்து 1898இல் எழுதி வெளியிட்டார். தேர்தலில் தோற்றவர் எழுதிய இவ்வளவு நேர்மையான அறிக்கையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பண விஷயத்தையும் வியாபாரிகளாகிய நாம் கேட்டுக் கொள்ள வேண்டும். சிறு அறைகளில் பெண்களையும் பிள்ளைகளையும் இராப்பகலாக வைத்துத் துணி தைக்கச் செய்யும் தொழிலைக் கட்டுப்படுத்த, ஹல் ஹவுஸில் இருந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையாரும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1893இல் இலினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் ஏற்பட்டது. அந்த மசோதா பேச்சில் இருந்தபோது, ஜேன் அம்மையாரை விருந்துக்கு அழைத்து, இந்தச் சட்டப் பேச்சை விட்டு விட்டால் இரண்டு ஆண்டுக்குள் ஹல் ஹவுஸுக்கு ஐம்பதாயிரம் டாலர் வந்து சேரும் என்று தூது சொன்னார்கள். அவர் உடனே மறுத்து விட்டார். மறுத்தது பெரிதல்ல, யோக்கியர் எவரும் மறுப்பார்கள். வீடு திரும்பியதும் அவரைக் குத்திய எண்ணமே பெரிது. சட்டசபையில் அத்தனை ஆண்டு இருந்தும் தம் தகப்பனாரிடம் யாரும் லஞ்சப் பேச்சை எடுத்ததே இல்லை; கெட்டவர்களுக்கு அவரிடம் இயல்பாகவே பயம் இருந்தது என்று அவர் இறந்தபோது பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவரின் மகளிடம் வந்து பேரம் பேச ஒருவருக்குத் துணிவு வருமானால், தம்மிடத்தில் என்ன குறை கண்டார்கள் என்று தம்மையே கேட்டுக் கொண்டார். வேறொரு சமயம், வேலை செய்யும் பெண்களுக்கு விடுதி கட்ட இருபதினாயிரம் டாலர் வந்தது. கொடுக்க வந்தவர் தம் ஸ்தாபனத்தில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதில் பேர் போனவர் என்று தெரிந்ததும், அந்தப் பணத்தையும் வாங்கவில்லை.

இப்படித் தம்மையே சோதிக்கிறவர்களுக்கு ஒரு அபாயம் உண்டு. அளவு மீறினால் அது வெறும் மனக் கிலேசமாகி, வேலையைக் கெடுக்கும். 1896இல் அம்மையார் ருஷ்யாவுக்குப் போய் டால்ஸ்டாய் பெரியாரைச் சந்தித்தார். அக்காலத்து நாகரிகப்படி அவருடைய அங்கியின் கைகள் மிகவும் தொளதொளவென்று இருந்தன. பெரியார் அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, ஒரு சிறுமிக்கு உடுப்புத் தைக்க இதுவே போதும் என்று குத்திக் காட்டினார். அவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறதென்று கேட்டார். தூரத்திலுள்ள நிலத்தின் வருமானம் என்றதும், அப்படியானால் அவரும் இருந்த இடத்தில் உண்ணும் நிலச்சுவான்தாரா என்று கேட்டு விட்டார். அம்மையார் துவண்டு போனார். ஊர் திரும்பியதும் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தம் கையால் ரொட்டி சுடுவதென்று சங்கல்பம் செய்து கொண்டார். ஆலை முதலாளி மகளல்லவா, பன்னிரண்டு வயதுக்குள் ரொட்டி சுடக் கற்றவர். ஆனால் சிகாகோ வந்து பார்த்தால், கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. கஷ்டம் சொல்ல ஜனங்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களை நிறுத்தி வைத்து விட்டு ரொட்டி சுடுவது தம் மனச்சாந்திக்காகவே தவிர அவர்களுக்காக அல்ல என்று விளங்கிற்று. சங்கல்பத்தை விட்டு விட்டார். எதைப் பற்று எழுதுவது, எதைத் தள்ளுபடி செய்வது என்ற தெளிவு இதற்குள் வந்து விட்டதென்று நாம் கருதுகிறோம்.

அந்தத் தெளிவு கடைசிக் காலத்தில் பெரிய சோதனைக்கு உள்ளாயிற்று. முதல் உலக யுத்தம் வந்தது. 1915இல் ஹேக் நகரில், யுத்தத்தில் ஈடுபட்ட நாடுகளிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடிய சமாதான மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். ஊர் திரும்பி நியூயார்க்கில் பேசும்போது, துப்பாக்கிக் கத்தியால் குத்தப் போவதற்கு முன் சிப்பாய்களுக்கு மது கொடுப்பதாகப் பல நாடுகளில் கேள்விப்பட்டதைச் சொல்லி விட்டார். வீரர்களை அவமதித்தார் என்று பத்திரிகைகள் பாய்ந்தன. நேற்று வரை புண்ணியவதி என்றவர்கள் இன்று தேசத்துரோகி என்றார்கள். 1917இல் அமெரிக்காவே யுத்தத்தில் இறங்கிய பிறகும் அவர் மாறவில்லை. சிநேகிதர் பலர் விலகினார்கள். இத்தனை பேர் ஒரு பக்கம் இருக்கும்போது தாம் மட்டும் சரியென்று நிற்பது அகந்தையாக இருக்குமோ என்று அவர் இரவு பகல் யோசித்தார். அந்தத் தனிமையை 1922இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். யோசித்துப் பார்த்துத் தம் நிலையிலேயே நின்றார். சிட்டையைத் திரும்பப் பார்க்கிறவர்கள் எப்போதும் தங்கள் பெயரிலேயே தவறு காண வேண்டும் என்பதில்லை. கணக்குச் சரியாக இருந்தால் சரியென்று கையெழுத்துப் போடத்தான் வேண்டும். ஆனால் அவர் சும்மா இருந்து விடவுமில்லை. பசித்த தேசங்களுக்கு உணவு சேர்க்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

1931இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் நோயாளி. பரிசளிப்பு நாளில் பால்டிமோர் நகரத்து வைத்தியசாலையில் படுத்திருந்தார். பரிசுப் பணத்தைச் சமாதானத்துக்கான பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்து விட்டார். 1935ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி சிகாகோவில் காலமானார். ஹல் ஹவுஸில் வைத்திருந்த சவத்தைப் பார்க்க அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களும் தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கட்டிடங்களில் பெரும்பாலானவை, பல்கலைக்கழகம் கட்டுவதற்காக 1960களில் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும் காட்சிசாலையாக நிற்கின்றன. அம்மையாரைப் பிறந்த ஊரான சிடர்வில்லிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே நோபல் பரிசைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் குடியிருந்த வீட்டின் பெயரும், அவர் தலைமை வகித்த பெண்கள் சங்கத்தின் பெயரும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.